கிரவுபுண்டனைச் சிவப்பு ரயிலில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கிரவுபுண்டன் மாநிலத்தில் 1900 முதல் 1925 வரை கார் ஓட்டவே தடை இருந்தது. மலைக்குள் போவதற்கு மீட்டர் கேஜ் ரயில்தான் வழி. அன்று போட்ட தடங்களில்தான் ரேஷியன் ரயில்வேயின் சிவப்பு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அதனால் இங்கே வாடகைக் கார் எடுக்காதீர்கள். பார்க்க வேண்டிய பாதி விஷயம் தடத்தின் மேலேயே இருக்கிறது.

1. தங்கும் ஊர்

தினம் ஒரு ஊரில் அறை போட்டால் பெட்டி தூக்கியே பயணம் முடிந்துவிடும். சமெடன் அல்லது பொன்ட்ரெசினாவில் நான்கு இரவு தங்குங்கள். கூர், செயின்ட் மோரிட்ஸ், ஷ்குவோல், பொன்ட்ரெசினா ஆகிய நான்கு ஊர்த் தடங்களும் சமெடனில் சந்திக்கின்றன. ஜூரிக்கிலிருந்து கூர் வரை ஸ்டாண்டர்ட் கேஜ் வண்டி. அங்கே மாறினால் சமெடன் இரண்டு மணி நேரத்துக்குள். பெயர்ப்பலகையில் ‘சூர்’ என்று படிக்கத் தோன்றும், அறிவிப்பில் ‘கூர்’ என்றுதான் சொல்வார்கள்.

2. டிக்கெட்

முதல்முறை வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெரிய கண்ணாடி வண்டியில் பயணச்சீட்டோடு இருக்கை முன்பதிவுக் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும்; கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். அதே தடத்தில் மணிக்கு ஒன்று சாதாரண வண்டி ஓடுகிறது. அதே பாலம், அதே பனிமலை, முன்பதிவு வேண்டாம், விரும்பிய ஊரில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். எக்ஸ்பிரஸின் கண்ணாடி திறக்காது, படத்தில் உள்விளக்கின் பிரதிபலிப்பு விழும். சாதாரண வண்டியில் திறக்கக்கூடிய ஜன்னல்கள் சிலவாவது இருக்கும். எங்கள் பரிந்துரை சாதாரண வண்டிதான்.

குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் பயணிக்க விடும் சுவிஸ் டிராவல் பாஸ் இந்தத் தடம் முழுவதும், இத்தாலியிலுள்ள திரானோ வரை செல்லும். சில நாள் மட்டும் நீண்ட பயணம் என்றால் பாதிக் கட்டணத்தில் டிக்கெட் எடுக்க உதவும் ஹாஃப் ஃபேர் கார்டு மலிவாக முடியலாம். சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி (SBB) செயலியில் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. ஆல்புலா தடம்

கூரிலிருந்து வரும்போது வலப்பக்கம் உட்காருங்கள். ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் லாண்ட்வாசர் பாலம்: 65 மீட்டர் உயரம், 6 வளைவுகள், 1902-இல் கட்டி முடித்தது. வளைந்து வரும் பாலம் நேராகச் செங்குத்துப் பாறைக்குள் நுழைகிறது. சில நொடிகளில் முடிந்துவிடும், கேமராவை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து பார்க்க வேண்டுமானால் ஃபிலிசூரில் இறங்கி அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

அடுத்து பெர்க்யூனுக்கும் பிரேடாவுக்கும் இடையே 400 மீட்டருக்கு மேல் ஏற்றம். நேராக ஏற முடியாததால் தடம் மலைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு ஏறுகிறது. பெர்க்யூன் தேவாலயம் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் தெரிவது அதனால்தான்.

4. பெர்னினா தடம்

பொன்ட்ரெசினா வழியாகத் திரானோ போகும் இந்தத் தடத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். திரானோ நோக்கிப் போகும்போதும் வலப்பக்கமே நல்லது. 2,253 மீட்டரிலுள்ள ஓஸ்பிஸியோ பெர்னினாவிலிருந்து 429 மீட்டரிலுள்ள திரானோவுக்கு இறங்குகிறது வண்டி. சரிவு சில இடங்களில் 100 மீட்டருக்கு 7 மீட்டர். ஆனாலும் பல்சக்கரம் கிடையாது. அல்ப் க்ரூமில் இறங்கி ஒரு மணி நேரம் நின்று, அடுத்த வண்டியில் போங்கள். புருசியோவில் தடம் திறந்த வெளியில் ஒரு முழு வட்டம் போட்டு, தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும்.

திரானோ இத்தாலி. ஷெங்கன் விசா போதும், ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சாப்பிட யூரோ தேவைப்படலாம். மேலே குளிர், கீழே வெயில், எனவே கழற்றி மாட்டும்படி உடுத்துங்கள்.

5. குவார்டா

சமெடனும் ஷ்குவோலும் இருக்கும் எங்கடீன் பள்ளத்தாக்கில் பழைய கிராமம் எப்படி இருந்தது என்று தெரிய இந்த ஓர் ஊர் போதும். சுவரின் மேல் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி, அடியிலுள்ள கருநிறத்தை வெளிக்கொணர்ந்து வரைந்த கோலங்களுக்கு ஸ்கிராஃபிட்டோ என்று பெயர். வீட்டு முகப்புகளில் ரொமான்ஷ் மொழி வாசகங்களையும் பார்க்கலாம். அது 1938 முதல் நாட்டின் நான்காவது தேசிய மொழி. ரயில் நிலையம் பள்ளத்தாக்கில், ஊரோ 200 மீட்டருக்கு மேல் உயரத்தில். வண்டி வரும் நேரத்துக்கு மஞ்சள் போஸ்ட் பஸ் நிற்கும். கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள்

சிறிய நிலையங்கள் பலவற்றில் கேட்டால்தான் வண்டி நிற்கும். இறங்க வேண்டுமானால் கதவருகே உள்ள பொத்தானையும், ஏற வேண்டுமானால் நடைமேடையில் உள்ள பொத்தானையும் அழுத்துங்கள். மறந்தால் ஒரு மணி நேரம் போகும்.

நவம்பரிலும், ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரையிலும் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடப்படும். ரயில் மட்டும் ஓடும்.

நடைபாதைப் பலகையில் உள்ள நேரத்தில் ஓய்வு சேராது. பாதைக் குறியின் நிறம் மஞ்சள் மட்டும் என்றால் எல்லோரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக்கு நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளைப் பக்கம் புதியவர்கள் போகவே கூடாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: இலையில் சுற்றித் தரும் கபுன்ஸில் பெரும்பாலும் உலர்ந்த இறைச்சி இருக்கும். உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு வெண்ணெயில் வறுத்து, ஆப்பிள் கூழுடன் தரும் மலுன்ஸைக் கேளுங்கள்.