லைட் நாவல் ஃபேன்டஸியில் அரசியலை வாசிப்பது எப்படி

லைட் நாவல் என்பது ஜப்பானில் பெரும்பாலும் இளையோருக்காகப் படங்களுடன் வரும் எளிய நடை நாவல். வாளும் மந்திரமும் நிறைந்த அப்படியொரு தொடரில் வரி, வாரிசுரிமை, திருமண ஒப்பந்தம் என்று பேச்சு பக்கம் பக்கமாக நீளும்போது, பலர் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் வாசித்தேன். தள்ளிவிட்ட பக்கங்களில்தான் கதையின் உயிர் இருந்தது என்பது பிடிபட்ட பிறகு, படித்து முடித்த தொடர்களையே மீண்டும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அப்படி வாசித்ததில் எனக்குக் கைகொடுத்த வழிகளை இங்கே சொல்கிறேன்.

முதலாவதாக, 'யார் பலசாலி' என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, 'யாரால் எதைச் செய்ய முடியாது' என்று கேட்டுப் பழகுங்கள். சாகசக் கதையில் நாயகனின் பலம் கூடக் கூட அவன் விரும்பியதைச் செய்யும் வாய்ப்பும் கூடும். நல்ல அரசியல் கதையில் பதவி உயர உயரக் கைகள் கட்டப்படும். ஃபுயூமி ஓனோ 1990களில் எழுதத் தொடங்கிய 'தி ட்வெல்வ் கிங்டம்ஸ்' தொடரில், கிரின் என்னும் தெய்வ விலங்கு அரசரைத் தேர்ந்தெடுக்கிறது. அரசர் நெறி தவறினால் கிரின் நோயுற்று இறக்கும், அதைத் தொடர்ந்து அரசரும் இறப்பார். பிற நாட்டுக்குள் படை அனுப்பக் கூடாது என்பதும் அந்த உலகின் விதி. அண்டை நாட்டு மக்கள் படும் துன்பம் பொறுக்காமல் இரக்கத்தால் படை அனுப்பிய ஒரு முற்கால அரசரும் அந்த விதிக்குத் தப்பவில்லை. நல்லெண்ணமும் விதியும் மோதும் அந்த இடத்தில் எந்த மந்திரச் சண்டையும் தராத பதைப்பு எனக்கு உண்டாயிற்று.

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இசுனா ஹசேகுராவின் 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' தொடரின் முதல் பாகம் 2006 இல் வெளிவந்தது. அதன் சிக்கல் முழுவதும் ஒரு வெள்ளி நாணயத்தைச் சுற்றியே சுழல்கிறது. நாணயத்தில் வெள்ளியின் அளவு கூடப்போகிறது என்ற பேச்சு கிளம்புகிறது. உண்மையில் நடக்கவிருப்பது அதற்கு நேர்மாறு. அரசரின் கருவூலம் நெருக்கடியில் இருக்கிறது என்பதை மோப்பம் பிடித்த வணிக நிறுவனம், அந்த நாணயங்களைத் திரட்டிக் கொடுத்து, பதிலுக்கு அரசரிடமிருந்து சலுகைகளைப் பெறப் பார்க்கிறது. அரசர் மேடைக்கே வராத ஒரு கதையில் அவருடைய பலவீனம் எல்லோரையும் ஆட்டிவைக்கிறது என்பதைக் கவனித்துவிட்டால், பிற தொடர்களிலும் இப்படி மறைந்து நிற்கும் நெருக்கடியைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

இந்த வாசிப்புக்கு மிகுந்த விளைச்சல் தரும் நிலம் என்று நான் கருதுவது மியா கசுகியின் 'அசெண்டன்ஸ் ஆஃப் எ புக்வார்ம்' தொடரை. 2013 முதல் 2017 வரை இணையத்தில் 677 அத்தியாயங்களாக வெளிவந்து, பின்னர் 33 பாகங்களாக அச்சேறிய கதை அது. ஏழைக் காவல்வீரரின் மகளான மைன், புத்தகம் வேண்டும் என்பதற்காகவே தாவரங்களிலிருந்து காகிதம் செய்கிறாள். காகிதம் உருவானதும் கதை கொண்டாட்டத்தில் முடிந்துவிடவில்லை. தோல்தாள் செய்வோரின் சங்கம் எதிர்க்கிறது. ஒப்பந்தப் பத்திரங்களுக்குத் தோல்தாள், மற்றவற்றுக்குத் தாவரக் காகிதம் என்று இரு தரப்பும் பங்கிட்டுக்கொண்ட பிறகுதான் வழி பிறக்கிறது. ஒரு புதிய பொருள் வரும்போது யாருடைய பிழைப்பு ஆட்டம் காண்கிறது என்ற கேள்வியை ஆசிரியர் விடாமல் கேட்கிறார். அதை அவரோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும்.

பிறகு, சாதாரணக் குடும்பத்துச் சிறுமியான அவளைக் கோயில் ஏற்றுக்கொள்கிறது. மந்திர ஆற்றலும் அவள் கொண்டுவரும் நன்கொடையும் அதற்குக் காரணம் என்று முதல் வாசிப்பில் தோன்றும், அது சரியும்கூட. ஆனால் கோயிலுக்கு ஏன் அந்த ஆற்றல் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது? தொலைவில், நாட்டின் மையத்தில் நடந்த களையெடுப்பால் பிரபுக்களின் எண்ணிக்கை குறைந்தது. அந்த இடங்களை நிரப்பக் கோயில்களில் இருந்த பிரபு குலத்தவர் திரும்பிப் போய்விட்டார்கள். அவள் கண்டிராத ஊரில், அவள் பெயரே அறியாதவர்களின் சண்டை அவளுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. இத்தகைய சங்கிலியைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் 'இது நடக்கக் காரணமானவர்களில் இங்கே இல்லாதவர் யார்' என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பெயர்களும் உறவுகளும் குழப்பினால் பாகத்தின் தொடக்கத்தில் உள்ள வண்ணப் படங்களும் பாத்திர அறிமுகமும் உதவும். அதற்கு மேல் பட்டியல் போட்டு வருந்த வேண்டியதில்லை.

சபைக் காட்சிகளையும் விருந்துக் காட்சிகளையும் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை பேச்சுக்காக; இரண்டாம் முறை யார் முதலில் பேசினார், யார் வாயே திறக்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்பதற்காக. மைனின் கதையில் தேநீர் விருந்து வைப்பவர் தேநீரையும் பண்டத்தையும் தாமே முதலில் சுவைத்துக் காட்டுவார். நஞ்சு இல்லை என்பதற்கான சான்று அது. அந்த ஒரு வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், சிரிப்பும் பாராட்டுமாக நகரும் விருந்தின் அடியில் எவ்வளவு பழைய அச்சம் உறைந்திருக்கிறது என்பது புலப்படும்.

இங்கே தமிழில் சிந்திப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய மூலத்தில் ஒருவர் மற்றவரை எந்த மரியாதையில் அழைக்கிறார் என்பதே பாதி அரசியலைச் சொல்லிவிடும். ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மழுங்கிவிடுகிறது. ஆகவே முக்கியமான உரையாடலை மனத்துக்குள் தமிழாக்கிப் பாருங்கள்: இந்த அமைச்சர் அந்த இளவரசனை 'தாங்கள்' என்பாரா, 'நீங்கள்' என்பாரா? நேற்றுவரை 'நீ' என்று அழைத்த தந்தை, மகள் பிரபு வீட்டுக்குத் தத்துப்போன பிறகு அவளை எப்படி அழைப்பார்? இதற்கு விடை தேடும்போதே அந்தக் காட்சியின் வலி கைக்கு வந்துவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, இரண்டு பாகங்களுக்கு நடுவே சில நாள் இடைவெளி விடுவது நல்லது. தொடரின் பாதியை எட்டியதும் முதல் பாகத்தை மீண்டும் எடுத்து, அதிகாரத்தில் இருப்பவர் எவரேனும் முதன்முதலாகத் தோன்றும் காட்சியை மட்டும் வாசியுங்கள். அன்று வெறும் கடுகடுப்பாகத் தெரிந்த முகத்தில், அவர் யாருக்கு அஞ்சிக்கொண்டிருந்தார் என்பது இப்போது தெரியும்.