முதல் செமி ஆட்டோ ரைஃபிள்: கடைக்குப் போகும் முன் தோட்டா விலையைப் பாருங்கள்

அமெரிக்காவில் முதன்முதலாக செமி ஆட்டோ ரைஃபிள் (ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) வாங்கப் போகிறவர் கேட்பது, "எந்தத் துப்பாக்கி நல்லது?" கையில் 800 டாலர்தான் என்றால், அதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு: மாதம் எத்தனை தோட்டா சுட நமக்குக் கட்டுப்படியாகும்? துப்பாக்கிக்கு ஒருமுறை காசு கொடுத்தால் முடிந்தது. தோட்டாவுக்கு, சுடும் பயிற்சிக் களமான ரேஞ்சுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் கொடுத்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 150 தோட்டா. வருடத்துக்கு 3,600. மொத்தமாக வாங்கினால் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள் என்ற சின்ன ரகத் தோட்டா) ஒன்று சுமார் 8 சென்ட். வருடச் செலவு 300 டாலருக்குள். பித்தளை உறை போட்ட .223 சுமார் 50 சென்ட். வருடத்துக்கு 1,800 டாலர். .308 என்றால் 90 சென்ட்டுக்குக் குறையாது. 3,200 டாலரைத் தாண்டும். விலை ஏறும், இறங்கும். ஆனால் .223 தோட்டா .22-ஐப்போல ஐந்தாறு மடங்கு என்ற விகிதம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். 550 டாலர் ரைஃபிளை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள் பலரும் இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவர்கள்தான்.

முதலில், நீங்கள் வாங்கலாமா?

உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்க மத்தியச் சட்டப்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் 21. கடையில் படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும். அதன் பேரில் பின்னணிச் சோதனை நடக்கும். ஆன்லைனில் வாங்கினாலும் துப்பாக்கி வீட்டுக்கு வராது. உள்ளூர்க் கடைக்கு வரும். அங்கே இதே படிவத்தை நிரப்பி, 25 முதல் 50 டாலர் வரை கட்டணமும் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அங்கே இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது விசா. ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். பிசகினால் போவது விசா. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். விசாவில் இருக்கும் நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் கடும் குற்றம். அவர் பணம் தந்தாரா இல்லையா என்பதெல்லாம் அவரைக் காப்பாற்றாது, உங்களையும் காப்பாற்றாது.

கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் மாநிலங்களில் ஏஆர்-15 (ராணுவ ரைஃபிள் சாயலில் உள்ள செமி ஆட்டோ) வகைக்குக் கடும் கட்டுப்பாடோ தடையோ உண்டு. பல இடங்களில் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கேலிபரை, அதாவது தோட்டா ரகத்தை, தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

.22 எல்.ஆர்.: சலிப்பான பதில், சரியான பதில்

உதை கிடையாது, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. புதிதாகச் சுடுகிறவரைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து ட்ரிகரை இழுக்கும் நொடியில் உடம்பைச் சுருக்குவது. .22-இல் பழகினால் அந்தப் பழக்கம் ஒட்டாமல் தப்பிக்கலாம்.

1964 முதல் விற்பனையில் இருக்கும் ருகர் 10/22-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 18.5 அங்குல பேரல், இரண்டேகால் கிலோ எடை, அடிப்பக்கம் துருத்தாத 10 தோட்டா சுழல் மேகசின். சாதாரண மாடல் 250 முதல் 300 டாலருக்குள் கிடைக்கும். உதிரிப் பாகம் கிடைக்காத ஊரே இல்லை. ஒரு குறை: கடைசித் தோட்டா சுட்ட பிறகு போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் இரும்புக் கட்டை) திறந்தபடி நிற்காது, மூடிக்கொள்ளும். வெறும் 'டிக்' சத்தம் வந்தால் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடாதீர்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்துப் பிடித்து, சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

இன்னும் மலிவாக வேண்டும் என்றால் பழைய மார்லின் மாடல் 60 செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும். பேரலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டா போடும் வகை அது. குழாய்க்குள் ஒரு தோட்டா ஒளிந்துகொண்டிருப்பது இதன் பழைய வியாதி. காலி செய்யும்போது போல்ட்டைப் பலமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னால் ஏஆர்-15 வாங்கும் எண்ணம் இருந்தால் ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 15-22 பொருத்தம். சேஃப்டி, மேகசின் பட்டன், போல்ட் கேட்ச் எல்லாம் ஏஆரில் உள்ள அதே இடத்தில் இருக்கும்.

.22 சிக்கிக்கொண்டால் துப்பாக்கியைத் திட்டும் முன் தோட்டாவைப் பாருங்கள். செமி ஆட்டோவின் போல்ட்டைப் பின்னால் தள்ள, 40 கிரெய்ன் (கிரெய்ன் என்பது எடை அளவு) குண்டு நொடிக்கு 1,200 அடி அளவில் போகும் வேகத் தோட்டா வேண்டும். ஒலியைவிட மெதுவாகப் போகும் 'சப்சானிக்' தோட்டாவில் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். மொத்த டப்பா வாங்கும் முன் நான்கைந்து பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பிடித்தது வேறு. சந்தேகம் வந்தால் சிசிஐ மினி-மேக் போட்டுச் சோதியுங்கள். அதிலும் சிக்கினால் கோளாறு துப்பாக்கியிலோ மேகசினிலோ இருக்கிறது. .22 குண்டில் பூசிய மெழுகும் ஈயத் தூளும் சேர்ந்து கரும்பசையாகப் படியும் என்பதால் எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள். 400, 500 தோட்டாவுக்கு ஒருமுறை போல்ட்டின் முகத்தையும் காலி உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

.223, 5.56: பேரலில் என்ன எழுதியிருக்கிறது?

வெளியே பார்த்தால் இரண்டு தோட்டாவும் ஒன்றுபோலவே இருக்கும். சேம்பர்தான் வேறு. 5.56 நேட்டோ சேம்பரில் குண்டுக்கும் பேரலின் வரிகளுக்கும் நடுவே இடைவெளி சற்று அதிகம். அதனால் 5.56 என்று முத்திரை இருந்தால் இரண்டையும் சுடலாம். .223 ரெமிங்டன் என்று மட்டும் இருந்தால் 5.56 போடக் கூடாது, அழுத்தம் எகிறும். .223 வைல்ட் என்று இருந்தால் இரண்டுக்கும் ஆகும்.

அடுத்து ட்விஸ்ட். 1:7 என்றால் 7 அங்குலத்துக்குக் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும். மலிவான 55 கிரெய்ன் தோட்டாவை மட்டும் சுடப் போகிறீர்கள் என்றால் 1:9 போதும். 77 கிரெய்ன் போன்ற கனமான குண்டுக்கு 1:8 அல்லது 1:7 வேண்டும். ஒன்றைச் சொல்லச் சொன்னால் 1:8, 16 அங்குல பேரல், போல்ட்டை இயக்கும் வாயுவைக் கொண்டுபோகும் குழாய் நடுத்தர நீளத்தில். சட்டப்படி ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது தனிப் பதிவு வேண்டிய ஆயுதம்.

ருகர் ஏஆர்-556, எம் அண்ட் பி 15 ஸ்போர்ட் போன்றவை 550 முதல் 750 டாலருக்குள் வரும். முதல் துப்பாக்கிக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண். 'ஆப்டிக்ஸ் ரெடி' என்று போட்டிருந்தால் குறிபார்க்கும் கருவி எதுவுமே கூட வராது என்று அர்த்தம். அதற்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள்.

இங்கே உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று இருக்கிறது. .300 பிளாக்அவுட் தோட்டா .223-இன் உறையை வெட்டிச் செய்தது. அதே மேகசினில் நிற்கும், அதே போல்ட்டில் உட்காரும். ஆனால் குண்டு .308 அங்குல விட்டம். தவறிப்போய் அது .223 பேரலில் ஏறி, போல்ட்டும் மூடிக்கொண்டால், சுடும்போது ரைஃபிள் கையிலேயே வெடிக்கும். முதல் துப்பாக்கி .223 என்றால் .300 பிளாக்அவுட் தோட்டாவை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

மற்ற கேலிபர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 9 மி.மீ. கார்பைனுக்கு (கைத்துப்பாக்கித் தோட்டா போடும் குட்டை ரைஃபிள்) தோட்டா 25, 30 சென்ட்டில் கிடைக்கும்; கைத்துப்பாக்கி ரேஞ்சிலும் பெரும்பாலும் சுட விடுவார்கள்; ஆனால் 100 கெஜத்தைத் தாண்டினால் குண்டு மடமடவென்று இறங்கும். 7.62×39-ஐ மலிவு என்று சொன்ன காலம் போய்விட்டது: 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதில்லை. .308 துப்பாக்கியும் கனம், தோட்டாவும் விலை, தோளிலும் இடிக்கும். அதை இரண்டாவதாக வாங்குங்கள். மான் வேட்டைதான் நோக்கம் என்றால் மாநில விதியைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் மானுக்குச் செமி ஆட்டோ ரைஃபிளே கூடாது.

800 டாலரைப் பிரிப்பது

10/22 என்றால்: துப்பாக்கி 280, கூடுதல் மேகசின் மூன்று 60, சின்ன ஸ்கோப் 80, காது-கண் பாதுகாப்பு 60, சுத்தம் செய்யும் கிட் 30, பூட்டும் இரும்புப் பெட்டி 100, தோட்டா 2,000-க்கு 160. ஆக 770.

ஏஆர் என்றால்: துப்பாக்கி 550, மேகசின் மூன்று 42, காது-கண் பாதுகாப்பு, கிட், இரும்புப் பெட்டி மூன்றும் அதே 190. ஆக 782. மீதி 18 டாலரில் 20 தோட்டா உள்ள பெட்டி ஒன்று வரும். ஏஆர்தான் வேண்டும் என்றால் இன்னும் 300 டாலர் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரும்புப் பெட்டியைக் கழித்துக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம். காதையும் அப்படித்தான். .223 சத்தம் 160 டெசிபெல் தாண்டும். கூரைக்குக் கீழே சுடும்போது காதுக்குள் ஃபோம் அடைப்பானும் மேலே இயர்மஃப்பும் சேர்த்துப் போடுங்கள்.

பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்தால்

கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, சேம்பர் காலி என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பேரல் நுனியில் வெட்டோ நசுங்கலோ இருந்தால் குறி சிதறும். ஒளி விட்டு உள்ளே பார்த்தால் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகக் குழி இருந்தால் அது துரு. ஏஆரில் போல்ட்டைத் தாங்கிச் செல்லும் கேரியரை வெளியே எடுத்து, மேலே உள்ள கேஸ் கீயின் (வாயு நுழையும் சின்னக் குழாய்) இரண்டு திருகையும் பாருங்கள். திருகைச் சுற்றியுள்ள இரும்பை உளியால் அடித்து இறுக்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் திருகு தளரும், வாயு கசியும், போல்ட் முழுதாகப் பின்னால் போகாது.

பிறகு ட்ரிகர் சோதனை. போல்ட்டை இழுத்து விட்டுச் சேஃப்டி போடுங்கள்; ட்ரிகரை இழுத்தால் எதுவும் நடக்கக் கூடாது. சேஃப்டியை எடுத்து இழுங்கள். சுத்தியல் விழ வேண்டும். ட்ரிகரை அப்படியே அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை மறுபடி இழுத்து விடுங்கள். சுத்தியல் விழக் கூடாது. விரலை மெல்லத் தளர்த்தினால் 'க்ளிக்' கேட்கும். மறுபடி இழுத்தால் விழ வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், வாங்காதீர்கள்.

முதல் நாள் ரேஞ்சில்

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பொருத்தியிருந்தால் 25 கெஜத்தில் ஆரம்பியுங்கள். ஒரே இடத்தைக் குறிவைத்து மூன்று குண்டு; அவற்றின் நடுப்புள்ளியை அளந்துகொள்ளுங்கள். குறியைத் திருத்தும் கோண அளவான 1 எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம், 25 கெஜத்தில் கால் அங்குலம். குண்டு 2 அங்குலம் கீழே விழுந்தால் 8 எம்.ஓ.ஏ. மேலே ஏற்ற வேண்டும். உங்கள் கருவியின் ஒரு கிளிக் அரை எம்.ஓ.ஏ. என்றால் 16 கிளிக். பிறகு 50 கெஜத்துக்குப் போய்ச் சரிசெய்யுங்கள். .223-இல் 50 கெஜத்தில் சரியாக வைத்தால், 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே போய், 200 பக்கத்தில் மறுபடி குறிக்கு வந்துவிடும். 10 கெஜத்தில் சுட்டால் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கீழேதான் படும். பார்வைக் கோடு பேரலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருப்பதால் அப்படி, கருவியைத் திருகாதீர்கள்.

சிக்கிக்கொண்டால் முதல் சந்தேகம் மேகசின் மேல் இருக்கட்டும். எல்லா மேகசினுக்கும் எண் எழுதி வையுங்கள். திரும்பத் திரும்ப ஒரே எண் வந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். ஏஆர் வறண்டிருந்தாலும் சிக்கும். கேரியரின் நான்கு வரம்பிலும் எண்ணெய் பளபளவென்று தெரிய வேண்டும்.

ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளக்கும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் காலி செய்து, சுத்தக் கம்பியைப் பேரலுக்குள் விட்டுப் பாருங்கள். கம்பி மறுபக்கம் வராவிட்டால் அன்றைக்குச் சுட்டது போதும். பெட்டியில் வைத்துத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.