பாகம் கிடைக்கும் காரே நல்ல கார்: பழைய சின்னக் கார் வாங்கும் முறை

திண்டுக்கல்லில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் கேட்டு வரும் முதல் சாமான் பெரும்பாலும் மாருதி 800, ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ இந்த நான்கில் ஒன்றுக்கு உரியதாகவே இருக்கும். இவையெல்லாம் அடிக்கடி கெட்டுப்போகிற கார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சாலையில் இன்றைக்கும் அத்தனை வண்டிகள் ஓடுகின்றன. கையில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் இருக்கிறது, கடன் வாங்க மனமில்லை, வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று வருகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்றைத்தான் சொல்கிறேன். காரின் அழகைக் கடைசியாகப் பாருங்கள். அதன் பாகம் உங்கள் ஊர்க் கடையில் இருக்கிறதா, அதைக் கழற்றி மாட்டக்கூடிய மெக்கானிக் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள்.

எந்தக் காரைத் தேடுவது

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் ஆம்னியிலும், 2000இல் வந்த ஆல்ட்டோவிலும் ஓடியது. அதனால் அந்த இன்ஜினைப் பிரித்துச் சேர்த்துத் தொழில் கற்ற மெக்கானிக்குகள் தாலுகா தலைநகரம் தோறும் இருக்கிறார்கள். வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ வழியில் வண்டி நின்றால், ஆயில் ஃபில்டர், ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள் எதுவானாலும் பக்கத்துக் கடையில் இருக்கும். விலையும் பயமுறுத்தாது.

பெற்றோரை அழைத்துப் போக வேண்டிய வீடு என்றால் வேகன் ஆரோ சான்ட்ரோவோ பாருங்கள். இரண்டும் உயரமான உடல் கொண்டவை. என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தாழ்வான சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டும். எங்கள் 2008 வேகன் ஆரில் அவரே கதவைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறார். சீட் அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. விளம்பரத்தில் யாரும் சொல்லாத இந்த ஒரு வசதிக்காகவே அந்தக் கார் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

வேகன் ஆரில் இரண்டு காலத்து வண்டிகள் உண்டு. 2010க்கு முந்தையவற்றில் 1061 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டை). 2010இல் வந்த புதிய உடலில் 998 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், அதே வேலைக்கு டைமிங் செயின். இரண்டும் நல்லவை, பெல்ட் மாற்றும் செலவு புதியதில் இல்லை. இன்னொரு வித்தியாசம் இன்ஷூரன்ஸில் தெரியும். 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சிசி வரையிலான காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதைத் தாண்டினால் 3,416 ரூபாய். வரி தனி. பழைய வேகன் ஆரும் 1086 சிசி சான்ட்ரோவும் கூடுதல் கட்டணத்தில் வரும். ஆல்ட்டோவும் புதிய வேகன் ஆரும் குறைந்த கட்டணத்தில் வரும்.

தவிர்க்க வேண்டியவை: இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்ட நிறுவனங்களின் கார்கள், பழைய டீசல் கார்கள், ஒரு காலத்தில் பத்து இருபது லட்சம் விற்று இன்று இரண்டு லட்சத்துக்குக் கிடைக்கும் பெரிய கார்கள். பெரிய காரின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, அதன் பாகங்களின் விலை இறங்கவில்லை.

முதலில் காகிதம், பிறகு கார்

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன் பதிவு எண்ணை வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். கட்டாத அபராதங்களையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதமும் அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். "கடன் எப்போதோ முடிந்துவிட்டது அண்ணே" என்ற வாய்வார்த்தைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மதிப்பு இல்லை.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 15 ஆண்டு தாண்டியதும் காரை உடைத்துவிட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கெடுபிடி டெல்லி வட்டாரத்துக்கு உரியது, தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் செலவு உண்டு. 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள்; பசுமை வரியும் அதற்கு முந்தைய பட்டறை வேலையும் தனி. எனவே 14 ஆண்டு முடிந்த காருக்கும், புதுப்பித்து நான்கு ஆண்டு மீதமிருக்கும் காருக்கும் ஒரே விலை கேட்டால் இரண்டாவதை எடுங்கள். டெல்லியிலிருந்து மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், இங்கே மறுபதிவும் சாலை வரியும் கட்டிய பிறகு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு இரண்டு மூன்று கை மாறி வந்த வண்டிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். விற்கிறவரும் இதில் கவனமாக இருக்க வேண்டும்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள்.

வண்டியைப் பார்க்கும்போது

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள், அல்லது மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜின் மட்டுமே உண்மையைச் சொல்லும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். துருத்தண்ணீர் இருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றியே பழக்கமில்லாத வண்டி அது. எங்கள் பக்கத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு; அதை ஊற்றினால் ரேடியேட்டர் உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற பசை ஒட்டியிருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் போய் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. விலை எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. வண்டி சூடாகிறது என்று போனால், தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் பாகத்தை) கழற்றி எறிந்துவிட்டு அனுப்புகிற பட்டறைகள் உண்டு. அப்போதைக்குச் சூடு குறைந்தாற்போல் இருக்கும். அடைத்த ரேடியேட்டர் அப்படியே கிடக்கும், மைலேஜும் குறையும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்ப் பாகம் அது.

வெள்ளத்தில் நின்ற கார்களை அடையாளம் காண்பது முக்கியம். 2015இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடியில் துரு தேடுங்கள். மிதியடியின் கீழே இருக்கும் விரிப்பைக் கிளப்பி முகர்ந்து பாருங்கள். சீட்டையும் பெயிண்டையும் மாற்றிவிடலாம். ஒயரிங்கினுள் போன தண்ணீர் ஆண்டுக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

கடலோர ஊர் வண்டி என்றால் குனிந்து அடித்தகட்டைப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, பேட்டரி வைக்கும் தட்டின் அடி, முன் ஷாக் அப்சார்பர் உடலோடு சேரும் இடம் ஆகியவற்றில் துரு தின்றிருந்தால் வாங்காதீர்கள். மலை ஊர் வண்டியில் துருவைவிட கிளட்ச்சும் பிரேக்கும் கவலை.

ஓட்டிப் பார்ப்பதற்குச் சமதளம் போதாது. நான் சிறுமலைப் பாதையில் சில கொண்டை ஊசி வளைவுகள்வரை ஏற்றிப் பார்ப்பேன். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாகப் போகும்போது கடகடவென்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. இவை இரண்டும் சரிசெய்யக்கூடியவை. விலை குறைக்கக் காரணம் மட்டுமே. ஏ.சி.யை முழுநேரமும் போட்டு வைத்திருங்கள். பழைய சின்னக் காரில் கூலிங் காயிலும் கம்ப்ரஸரும்தான் அதிகச் செலவு வைக்கும்.

ஓடோமீட்டரை நான் நம்புவதில்லை. பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தேய்மானமும் டிரைவர் சீட்டின் பள்ளமும் அதைவிட நம்பகமானவை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரை மாற்றுவதாகவே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கிய வாரத்தில்

விலை பேசும்போதே முப்பதாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்றரை லட்சம் இருந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் கார் தேடக் கூடாது. அந்தப் பணத்தில் இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்களும், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், ரேடியேட்டர் ஹோஸ்கள் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லை என்றால் அன்றே மாற்றுங்கள். சான்ட்ரோவில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து, சிறிய செலவு இன்ஜின் வேலையில் முடியும்.

பெட்ரோல் ஹோஸ்களையும் பாருங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. காய்ந்து வெடித்த ஹோஸை மாற்றிவிடுங்கள்; காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு மோதிச் சோதித்த ஆல்ட்டோ 800க்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை, பக்கத்து ஊர்க் கல்யாணம், இவற்றுக்கு இது போதும். நான்குவழிச் சாலையில் 80ஐத் தாண்ட வேண்டாம்; இரவில் சென்னைக்குக் குடும்பத்தோடு கிளம்ப ரயில் இருக்கிறது. பின் சீட்டு பெல்ட்டுகள் வேலை செய்கின்றனவா என்று பார்த்து, செய்யாவிட்டால் மாற்றி, பின்னால் உட்காருகிறவர்களையும் போடச் சொல்லுங்கள். நல்ல பிரேக்கும் நல்ல டயரும் இந்தக் கார்களில் இன்னும் முக்கியம். அந்த இரண்டில் மட்டும் மலிவான சாமான் கேட்காதீர்கள். கடையில் நானும் அதை எடுத்துக்கொடுப்பதில்லை.

மற்றதற்கெல்லாம் ஒரே மெக்கானிக்கிடம் போங்கள். அவர் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்கும்போது அந்த நோட்டைக் காட்டினால் வாங்குகிறவர் பேரம் பேசுவது குறையும். டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் ஹோஸ், ஹெட்லைட் பல்பு, சில ஃபியூஸ்கள், ஒரு லிட்டர் கூலன்ட், ஜாக்கி, வீல் ஸ்பேனர் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பெட்ரோல் போடும்போதெல்லாம் பார்த்துவிடுங்கள்.