பழைய ஜப்பானியத் துணியும் தையற்பெட்டியும்: சேகரிப்பதும் காட்சிப்படுத்துவதும்

ஜப்பானியப் பழந்துணிகளைச் சேகரிக்க விரும்புவோர் பெரும்பாலும் பட்டுக் கிமோனோவையே முதலில் தேடுகிறார்கள். உழைப்பாளர் வீடுகளில் ஒட்டுப் போட்டு உடுத்திய அவுரி நீலப் பருத்தியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. 'போரோ' எனப்படும் இத்துணிகளுக்கு ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷூவின் வடகோடியிலுள்ள அவோமோரி பெயர்பெற்றது. பருத்தி விளையாத அக்குளிர் நிலத்தில், கப்பலில் வந்திறங்கிய பழந்துண்டுகளைப் பெண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 'சாஷிகோ' என்னும் ஓட்டுத் தையலால் பிணைத்துத் தலைமுறைகளாகப் பயன்படுத்தினார்கள்.

கியோத்தோவில் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதியும், கித்தானோ தென்மங்கூ ஆலயத்தில் 25ஆம் தேதியும் கூடும் சந்தைகளில் பழந்துணிகள் கிடைக்கும். வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான போரோவில் ஒட்டுகள் வெவ்வேறு காலத்தவை என்பதால் அவற்றின் தேய்மானமும் வேறுபடும். ஒட்டின் ஓரம் பிரிந்த இடத்தில், வெளிச்சம் படாத அடித்துணியின் நீலம் இன்னும் அடர்ந்திருக்கும். எல்லா ஒட்டுகளும் ஒரே அளவில் வெளிறியிருந்தால், பழமை செயற்கையாக ஏற்றப்பட்டதோ என்று ஐயுற வேண்டும். கிமோனோத் துணியின் அகலம் சுமார் 36 செ.மீ. மட்டுமே, ஆகவே இணைப்புத் தையலே இல்லாத அகலமான துணியைப் பழமையானது என்று யாரேனும் சொன்னால் காரணம் கேளுங்கள்.

துணியோடு கருவிகளையும் சேர்த்தால்தான் அந்தக் கைவேலை முழுமையாகப் புரியும். 'ஹரிபாகோ' என்னும் இழுப்பறைத் தையற்பெட்டி, ஒரே இரும்பை வளைத்துச் செய்த 'நிகிரிபசாமி' கத்தரி, மடிப்புக் கோடு இடும் 'ஹேரா', துணிக்கென்றே வழங்கிய 'குஜிராஜாகு' அளவுகோல் ஆகியவை முதலில் தேடத்தக்கவை. அக்கோலின் ஒரு 'ஷாகு' (ஜப்பானிய நீள அலகு) ஏறத்தாழ 38 செ.மீ.; தச்சர் கோலின் ஷாகு சுமார் 30 செ.மீ. என்பதால், அளந்து பார்த்தாலே தையற்கோல் எது என்று தெரிந்துவிடும். இரும்பில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கொல்லர் பொறித்த முத்திரை அதனோடு போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய படலமாகக் கமேலியா எண்ணெய் பூசினால் போதும்.

காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சமே முதல் எதிரி. வெயிலை முற்றிலும் தவிர்த்து, விளக்கொளியை 50 லக்ஸ் அளவில் நிறுத்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றி ஓய்வு கொடுங்கள். குசும்பாப் பூவின் சிவப்பு விரைவில் வெளிறும், இரும்பு உப்பு சேர்த்த கருஞ்சாயமோ நூலையே அரித்துவிடும். நைந்த துணியை ஆணியில் தொங்கவிடாமல் சற்றே சாய்ந்த பலகையில் கிடத்துங்கள். இரும்புக் கருவியைத் துணிமேல் நேரடியாக வைத்தால் துருக்கறை ஏறும். நடுவே அமிலமற்ற தாள் இருக்கட்டும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், அதே தாள் சுற்றிய உருளையில் சுருட்டுங்கள். பூச்சி இருப்பதாகத் தோன்றினால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வைக்கலாம். எக்காரணம் கொண்டும் ஒட்டுத் துணியைத் துவைக்காதீர்கள். வாங்கிய இடத்தையும், விற்றவர் சொன்ன ஊரையும் பருத்தி நாடாவில் எழுதி, துணியின் ஓரத்தில் தளர்வாகத் தைத்து வையுங்கள்.