சிகரெட் கங்கிலிருந்து வீட்டைக் காப்பது எப்படி?

சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனிக் கங்கு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அது சோபா இடுக்கிலோ மெத்தையிலோ விழுந்தால் உடனே பற்றிக்கொள்ளாது. பஞ்சுக்குள் இறங்கி, சுடரே இல்லாமல் மணிக்கணக்கில்கூடக் கனன்றுகொண்டிருக்கும். அதற்குள் வீடே தூங்கியிருக்கும். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது, மயக்கத்தில்தான் ஆழ்த்தும்.

முதல் வேலை, புகைப்பதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது. மற்ற எதையும்விட இதுதான் முக்கியம் என்பேன். படுக்கையில் வேண்டவே வேண்டாம். குடித்திருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ நாற்காலியிலும் வேண்டாம். கண் சொருகினால் விரல் தளர்ந்துவிடும். வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கும். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஆஷ்டிரே. ஆழமாகவும், எளிதில் கவிழாத அளவுக்குக் கனமாகவும் இருக்கட்டும். அடியில் கொஞ்சம் தண்ணீரோ மணலோ போட்டு வையுங்கள். சோபாவின் கைப்பிடியில் வைக்காதீர்கள். பூந்தொட்டியில் குத்தி அணைப்பது பலருக்கும் பழக்கம். தொட்டி மண்ணில் மக்கிய இலையும் நாரும் கலந்திருக்கும். காய்ந்திருந்தால் அதுவே கனன்று எரியத் தொடங்கிவிடும்.

துண்டுகளைக் கொட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, முழுக்க நனைந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம்தான் குப்பைத் தொட்டி.

வீட்டுக்குள் யாராவது புகைத்திருந்தால், படுக்கப் போகும்முன் சோபா மெத்தைகளைத் தூக்கி இடுக்குகளைப் பாருங்கள். விருந்தாளிகள் வந்துபோன இரவில் கட்டாயம்.

வீட்டில் யாருக்காவது ஆக்ஸிஜன் கொடுக்கிறீர்களா? அப்படியானால் அங்கே யாருமே புகைக்கக் கூடாது. ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் மற்றதையெல்லாம் வேகமாக எரிய வைக்கும். துணியிலும் படுக்கையிலும் முடியிலும் அது தங்கியிருக்கும். அதனால் கருவியை நிறுத்திய கையோடு பற்றவைப்பதும் ஆபத்துதான்.

லைட்டர், தீப்பெட்டி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. படுக்கையறைக்கு உள்ளேயும் வெளியேயும் புகை அலாரம் மாட்டி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மெத்தை புகைந்தால், எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்றி அணைந்த மாதிரி தெரிந்தாலும் பஞ்சுக்குள் கங்கு மிச்சமிருக்கலாம். தீயணைப்பு வீரர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உள்ளே போகாதீர்கள்.