ஒரு மில்லிமீட்டருக்குள் செம்பருத்தி: பூவையும் வீட்டுப் பொருள்களையும் மேக்ரோவில் படமெடுப்பது எப்படி?

செம்பருத்திப் பூவின் நடுத்தண்டு நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள் இருக்கும். அவற்றுக்குக் கீழே மஞ்சள் மகரந்தப் பைகள் கொத்தாக நிற்கும். இந்த நுனியைப் படச் சட்டம் நிறைய வருமாறு மிக நெருங்கி எடுத்துப் பாருங்கள், இதுதான் மேக்ரோ. முதல் படத்தில் ஒரு குமிழ்தான் தெளிவாக இருக்கும், மற்ற நாலும் மங்கலாகப் போயிருக்கும். பலரும் லென்ஸைக் குறை சொல்லத் தொடங்குவது இங்கேதான். ஆனால் லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை.

பொருளின் உருவம் கேமராவுக்குள் படம் பதியும் சென்சார்மேல் அதே அளவில் விழுவதை 1:1 என்கிறோம். அந்த நிலையில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையை, எஃப்/8-இல் வைத்தால் (எண் கூடினால் துளை சிறுக்கும்), சிறிய வகையான ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் தெளிவாக வரும் பகுதியின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைவிடப் பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பாலேடு மாதிரி மெல்லிய அந்தத் தெளிவு எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் மேக்ரோவில் பாதி வேலை.

அப்பர்ச்சரை எஃப்/22 வரை மூடினால் இந்தத் தெளிவு ஏடு தடிக்கும், உண்மைதான். ஆனால் 1:1-இல் லென்ஸ் முன்னே நகர்ந்து நிற்பதால், நீங்கள் வைக்கும் எஃப்/11 நடைமுறையில் எஃப்/22 போல வேலை செய்கிறது. அதற்கும் மேலே போனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து படம் முழுவதுமே மழுங்கும். சென்சாரில் ஒட்டிய தூசும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். எனவே எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் இடையில் நின்றுகொள்ளுங்கள். மிச்சத்தைக் கோணத்தால் சரிசெய்யலாம். குமிழ்கள் ஐந்தும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் விரிந்திருப்பதால், பூவைப் பக்கவாட்டில் பார்க்காமல் நுனிக்கு நேர் எதிரே கேமராவை வையுங்கள். கேமராவின் முதுகு குமிழ்களின் மட்டத்துக்கு இணையாக வந்துவிட்டால் நாலைந்து குமிழ்களாவது ஏட்டுக்குள் அடங்கும். இலை, நாணயம், துணி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கேமரா சற்றுச் சாய்ந்தாலே ஒரு மூலை மங்கும்.

கருவி

மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய 50 எம்.எம். லென்ஸும், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபும் போதும். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (50 எம்.எம். என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். 36 மி.மீ. டியூபை 50 எம்.எம். லென்ஸுக்குப் பின்னால் போட்டால் 0.72 மடங்கு. டியூபுக்குள் கண்ணாடி கிடையாது, அதனால் விலை குறைந்த டியூபும் படத்தின் தரத்தைக் கெடுக்காது. ஆனால் மின் தொடர்பு இல்லாத டியூபை வாங்கினால் அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது.

அதைவிடச் சிக்கனமானது ரிவர்ஸ் ரிங். லென்ஸை முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் மாட்டுவதுதான் இந்த வளையத்தின் வேலை. 50 எம்.எம்.-ஐத் திருப்பினால் பூவுக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமார் பத்து சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸைத் திருப்பி 18-இல் வைத்தால் உருப்பெருக்கம் பல மடங்கு ஏறும், இடமோ ஐந்து சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதில் வெளிச்சம் விழ வைப்பதே பெரும்பாடு. தொடங்குபவர்கள் 50-ஐயே எடுங்கள். அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸாக இருந்தால் தொல்லையே இல்லை. திருப்பி மாட்டிய லென்ஸின் பின்புறக் கண்ணாடி வெளியே திறந்து கிடக்கும். மகரந்தம் அதில் ஒட்டினால் துணியால் தேய்க்காமல் ஊதுகுமிழால் ஊதிவிடுங்கள்.

ஃபோகஸ்

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். இவ்வளவு நெருக்கத்தில் அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். வேண்டிய உருப்பெருக்கத்துக்கு ஃபோகஸ் வளையத்தை ஒரு முறை வைத்துவிட்டு, கேமராவையே மில்லிமீட்டர் மில்லிமீட்டராக முன்னே நகர்த்துங்கள். டிரைபாட் (முக்காலி) என்றால் கேமராவின் பின் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுக்கலாம். கையில் பிடித்து எடுத்தால் முழங்கைகளை மேசையில் ஊன்றி, மூச்சை மெல்ல விட்டபடி தொடர்ச்சியாக ஏழெட்டுப் படங்கள் எடுங்கள். அவற்றில் ஒன்று சரியாக விழும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை இங்கே நம்ப வேண்டாம். அது கை சாய்வதைத்தான் பெரும்பாலும் ஈடுகட்டும். மேக்ரோவில் படத்தைக் கெடுப்பது கை முன்பின்னாக நகர்வது.

தோட்டத்தில் காற்று முதல் எதிரி. ஆடி மாதத்தில் வெளியே போய் மல்லுக்கட்டாதீர்கள். மார்கழி விடியலில் காற்று அடங்கியிருக்கும், தும்பையிலும் புல் நுனியிலும் பனித்துளி நிற்கும். அந்த ஒரு மணி நேரம் போதும். தண்டு ஆடினால் துணி உலர்த்தும் கிளிப்பை ஒரு குச்சியில் கட்டி, குச்சியை மண்ணில் ஊன்றித் தண்டை மெதுவாகக் கவ்வ விடுங்கள்.

வெளிச்சம்

சாளரத்துக்குப் பக்கத்தில் பொருளை வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். முதல் நூறு படங்களுக்கு இதுவே போதும். ஃபிளாஷ் இருந்தால் மேனுவலில் முழு ஒளியில் 1/16 அளவு, ஷட்டர் 1/160 விநாடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 200, எஃப்/8 என்று தொடங்கிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் ஃபிளாஷ் வெட்டும் நேரம் மிகக் குறுகியது என்பதால் கை நடுக்கமும் காற்றாட்டமும் உறைந்துவிடும். ஃபிளாஷுக்கு முன்னால் கட்டாயம் பட்டர் பேப்பர் வேண்டும். ஒளி சிறு புள்ளியிலிருந்து வந்தால் ஈரமான இதழில் வெள்ளைத் திட்டு விழுந்து நிறமே போய்விடும். ஒளியைப் பரப்பும் இந்தத் தாளை (டிஃப்யூசரை)ப் பூவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோகிறீர்களோ அவ்வளவுக்கு நிழல் மென்மையாகும். வீட்டு எல்.இ.டி. விளக்கில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால், காரணம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், கோடு மறையும்.

வீட்டுக்குள் எடுக்க நல்ல பொருள்கள்

கறிவேப்பிலையை ஒளிக்கு எதிரே பிடித்தால் இலை முழுக்க வெளிர்ப் புள்ளிகள் தெரியும். அந்த மணத்தைத் தரும் எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. எலுமிச்சை இலையிலும் உண்டு. மடிக்கணினித் திரையை முழு வெள்ளையாக்கிக் கிடத்திவிட்டு, இரண்டு டம்ளர்மேல் கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து அதில் இலையைப் பரப்புங்கள். திரைக்கும் இலைக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் திரையின் கட்டங்களும் சேர்ந்து பதியும். அறை விளக்கை அணைத்துவிட்டு மேலிருந்து நேராக எடுங்கள். படம் சாம்பல் நிறமாக வந்தால், கேமரா வெள்ளைப் பின்னணியைப் பார்த்து ஏமாந்திருக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு).

கடுகு வழவழப்பானது என்றுதான் நினைப்போம். மேக்ரோவில் அதன் தோலில் வலைப்பின்னல் தெரியும். கசகசா இன்னும் அழகு: சிறுநீரக வடிவம், மேலே தேன்கூடு போன்ற பள்ளங்கள். இவற்றுக்கு ஒளி பக்கவாட்டில் தாழ்வாக, மேசையை உரசுவதுபோல் வர வேண்டும். மேலிருந்து விழுந்தால் பள்ளம் மேடு எதுவும் தெரியாது. பட்டுச் சேலையின் ஜரிகைக்கு இதே ஒளி ஆகாது. உலோகம் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எனவே ஜரிகைக்கு மேலே பெரிய வெள்ளைத் தாள் ஒன்றைக் கூரை மாதிரிப் பிடித்து, அந்தத் தாளில் ஒளியை விழ வையுங்கள். இழை இழையாகப் பொன்னிறம் வரும். எடுக்கும் முன் எதையும் மெல்லிய ஓவியத் தூரிகையால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசு படத்தில் கயிறாகத் தெரியும்.

துளிக்குள் பூவைக் காட்ட, தண்ணீரும் கிளிசரினும் சம அளவில் கலந்து ஊசிக் குழலால் புல் நுனியில் ஒரு சொட்டு வையுங்கள். வெறும் தண்ணீர் சீக்கிரம் வழியும், காயும். ஐந்தாறு சென்டிமீட்டர் பின்னால் பூவைத் தலைகீழாகக் கட்டுங்கள். துளி உருவத்தைத் திருப்பிக் காட்டுவதால் படத்தில் பூ நிமிர்ந்து நிற்கும். ஃபோகஸ் துளியின் விளிம்பில் அல்ல, உள்ளே தெரியும் பூவில்.

கைபேசியில்

2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா உள்ள கைபேசி என்றால் அதை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவில் 2எக்ஸ் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்து வெட்டிக்கொண்டால் அதைவிடத் தெளிவாக இருக்கும். அகலக் கோண லென்ஸால் மேக்ரோ எடுக்கும் கைபேசிகள் பொருளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை போகும். அங்கே கைபேசியின் நிழலே பொருள்மேல் விழும், ஒளியைப் பக்கத்திலிருந்து கொடுங்கள்.

அடுக்கிச் சேர்ப்பது

செம்பருத்தியின் ஐந்து குமிழ்களோடு மகரந்தத் தண்டும் முழுக்கத் தெளிவாக வேண்டுமென்றால் ஒரே படத்தில் முடியாது. பூவைப் பறித்து வீட்டுக்குள் குப்பியில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மிக அருகிலுள்ள நுனியில் தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் ஏட்டின் தடிமனில் பாதிக்கும் குறைவாக நகர்ந்து, கடைசி வரை எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு முப்பது நாற்பது படங்கள் ஆகும். எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும் மேனுவலிலேயே இருக்கட்டும். ஹெலிகான் ஃபோகஸ், ஸிரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் இவற்றை ஒன்றாக்கித் தரும். சேர்த்த படத்தில் தெளிவும் மங்கலும் மாறி மாறிப் பட்டைகளாக வந்தால் நடுவே தாவிவிட்டீர்கள், ஒவ்வொரு நகர்வும் இன்னும் குறுக வேண்டும். விளிம்புகளில் இரட்டை உருவம் வந்தால் பூ அசைந்திருக்கிறது. செம்பருத்தி ஒரு நாள் பூ, மாலையில் சுருங்கத் தொடங்கிவிடும். காலையிலேயே எடுத்து முடியுங்கள்.