பேன்டம் கோழி எந்த இனம்? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

வீட்டுக் கோழிக் கூண்டில் நிற்கும் அந்தக் குட்டிக் கோழி என்ன இனம் என்று தெரிய வேண்டுமானால், முதலில் அதன் நிறத்தை மறந்துவிடுங்கள். "கறுப்பு உடம்பு, கழுத்தில் தங்க நிறம், இது என்ன இனம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்த நிறம் எத்தனையோ இனங்களில் வரும், ஒரே இனமும் பல நிறங்களில் வரும். கால், விரல், கொண்டை, காதுமடல், வால் ஆகியவைதான் இனத்தைச் சொல்லும்.

பேன்டம் என்பதே ஓர் இனத்தின் பெயர் அல்ல. ஜாவா தீவில் பான்டம் என்ற துறைமுகம் இருந்தது, அங்கே ஐரோப்பிய மாலுமிகள் வாங்கிப்போன சின்னக் கோழிகளுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் சின்னக் கோழி எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. இதில் இரண்டு வகை உண்டு. வையன்டாட், பிரம்மா போன்ற பெரிய இனங்களைச் சின்னதாக்கி வளர்த்தெடுத்தவை ஒரு வகை. செப்ரைட், செராமா, ஜப்பானிய சாபோ, ரோஸ்கோம்ப் போல, பெரிய வடிவமே இல்லாதவை இன்னொரு வகை. அதனால் பேன்டம் இனங்களின் படங்களை மட்டும் பார்த்துத் தேடாதீர்கள், பெரிய கோழி இனங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குஞ்சாக இருக்கும்போது முடிவு சொல்லிவிட வேண்டாம். ஐந்தாறு மாதம் போகட்டும், இறகு மாறி, கொண்டை முழுதாக வளரட்டும். இருட்டிய பிறகு கோழி அடைந்திருக்கும் நேரத்தில் தூக்கினால் அமைதியாக இருக்கும், விரலும் காலும் பார்க்க அதுவே நல்ல நேரம். காதுமடல், தோல் ஆகியவற்றின் நிறத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

காலிலிருந்து தொடங்குவோம். விரலை எண்ணுங்கள். பெரும்பாலான கோழிகளுக்கு நான்குதான். ஐந்து இருந்தால் தேட வேண்டிய பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்: சில்கி, டார்க்கிங், ஃபாவரோல், ஹூடான், சுல்தான் என்று ஒரு கை விரல்களில் எண்ணுமளவுக்குத்தான் பரவலாகத் தெரிந்தவை. அதோடு தோல் கறுத்து, இறகு பஞ்சுபோல இருந்தால் அது சில்கிதான். ஐந்து விரலும் கறுத்த தோலும் இருக்கிறது, ஆனால் இறகு மட்டும் சாதாரணமாக இருக்கிறது என்றால் பெற்றோரில் ஒன்று சில்கியாக இருந்திருக்கலாம். ஏனென்றால் ஐந்தாம் விரல் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும், பஞ்சு இறகு வர இரண்டு பக்கமும் அந்த மரபணு வேண்டும்.

காலில் இறகு இருக்கிறதா? உடம்பு பந்துபோல உருண்டு, விரல் வரை அடர்த்தியாக இறகு மூடியிருந்தால் கொச்சின் பேன்டம். சில நாடுகளில் இதையே பீகிங் என்கிறார்கள். இறகுக் காலோடு முகத்தில் தாடியும் ஒற்றைக் கொண்டையும் இருந்தால் பெல்ஜியத்தின் டூக்கிள். அதே தாடி, ஆனால் கால் வெறுமை, கொண்டை ரோஜாக் கொண்டை என்றால் டான்வெர். இவை இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய பேர், காலைப் பார்த்தாலே தீர்ந்துவிடும். காலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கைந்து இறகு மட்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கலப்பு.

கால் மிகக் குட்டையாக, உடம்பு தரையை ஒட்டி, வால் செங்குத்தாக எழுந்து நின்றால் ஜப்பானிய சாபோ. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். குட்டைக் கால் மரபணு இரண்டு பக்கமும் வந்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும், அதனால் குட்டைக் கால் ஜோடிக்குப் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று நீண்ட காலோடுதான் வரும். அந்தக் கோழியைக் கலப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கொண்டையில் ஒற்றை, ரோஜா, பட்டாணி, வால்நட் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஒற்றை என்பது ரம்பம்போல நிற்பது. ரோஜா தட்டையாக, மேலே சின்னச் சின்ன மொட்டுகளோடு, பின்னால் ஒரு முனை நீண்டிருக்கும். பட்டாணியில் மூன்று தாழ்ந்த வரிசைகள். வால்நட் சில்கியில் காண்பதுபோல உருண்ட கட்டியாக இருக்கும். ரோஜாக் கொண்டையோடு, நாணயம்போல வட்டமான பெரிய வெள்ளைக் காதுமடல் இருந்தால் ரோஸ்கோம்ப்.

செப்ரைட்டுக்கு ஒவ்வோர் இறகின் ஓரமும் மை தீட்டியதுபோலக் கறுத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் செப்ரைட் என்பவர் உருவாக்கியது. இதன் சேவலுக்கு வளைந்த நீண்ட வாலிறகும் இடுப்பில் கூரான இறகும் வராது, பெட்டைபோலவே இறகு இருக்கும். எனக்கு ஒருவர் செப்ரைட் சேவல் என்று கொடுத்த பறவைக்கு ஓரக்கறுப்பு அழகாக இருந்தது, ஆனால் வால் அரிவாள்போல வளைந்து தொங்கியது. அது வையன்டாட் கலந்த பறவை. அதை நம்பிப் பெட்டை சேர்த்து ஒரு வருடம் வீணானதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நெஞ்சை முன்னே தள்ளி, இறக்கையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, எடை அரைக் கிலோவுக்கும் குறைவாக இருந்தால் மலேசியாவின் செராமா. சுருள் இறகைப் பார்த்து மட்டும் இனம் சொல்லாதீர்கள், அந்த மரபணு பல இனங்களில் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு அடையாளம் ஒரு இனத்துக்கும் இன்னொன்று வேறொன்றுக்கும் இழுத்தால் கலப்பு என்றே எழுதி வையுங்கள். சந்தேகம் தீரவில்லையா, ஒரே மாதிரியான சேவலையும் பெட்டையையும் சேர்த்து ஒரு ஈடு பொரிக்கவிட்டுப் பாருங்கள். குஞ்சுகளுக்கு நிறம் மாறினால் பரவாயில்லை, நீல நிறக் கோழிகளுக்கு அது இயல்பு. சாபோவின் கால் நீளத்தைத் தவிர, விரல் எண்ணிக்கையும் கால் இறகும் உடலமைப்பும் குஞ்சுக்குக் குஞ்சு மாறினால் கலப்பு என்பது உறுதி.